84 பேர் சேர்ந்தார்கள், 31 பேர் முடித்தார்கள்: நான்காவது வாரத்தில் என்னதான் நடக்கிறது?

கேள்வி: செவிலியர் பயிற்றுநர்

அனைவருக்கும் வணக்கம். பணியில் இருக்கும் செவிலியர்களுக்கும் பிசியோதெரபிஸ்ட்களுக்கும் காயப் பராமரிப்பு பற்றி 12 வார ஆன்லைன் படிப்பு ஒன்றை நடத்துகிறேன். படுக்கைப்புண், நீரிழிவுக் கால்புண், அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிரியும் தையல், எந்தக் காயத்துக்கு எந்த டிரெஸ்ஸிங் என்று பாடம் போகும். இப்போது முடிந்தது மூன்றாவது பேட்ச். 84 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் 31 பேர். முந்தைய இரண்டு பேட்சிலும் ஏறக்குறைய இதே நிலைதான்.

முதல் வாரத்தைப் பார்த்தால் மனம் நிறையும். 79 பேர் உள்ளே வந்து தங்களைப் பற்றி எழுதினார்கள். "எங்கள் வார்டில் படுக்கைப்புண் குறையவே மாட்டேன் என்கிறது, அதற்காகத்தான் சேர்ந்தேன்" என்று எழுதியவர்கள் பல பேர். யாரும் கட்டாயத்தின் பேரில் வந்தவர்கள் இல்லை. இரண்டாம் வாரமும் பரவாயில்லை. மூன்றில் கொஞ்சம் மெலிகிறது. நான்காம் வாரத்தில் கூட்டம் அப்படியே கலைகிறது. அதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் கடைசிவரை வந்துவிடுகிறார்கள்.

இந்த முறை, விட்டுப்போன 53 பேரையும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டேன். 38 பேர் பேசினார்கள். பாடம் கடினம், வீடியோ சலிப்பு என்று சொல்வார்கள் என நினைத்திருந்தேன். கடினம் என்று சொன்னவர்கள் நான்கே பேர். மற்றவர்கள் சொன்னதெல்லாம் வேறு: "அந்த வாரம் நைட் போட்டுவிட்டார்கள்", "திடீரென்று வார்டு மாற்றிவிட்டார்கள்", "இரண்டு பேர் லீவு, டபுள் டியூட்டி", "குழந்தைக்குக் காய்ச்சல்". எல்லாமே ஒரு வாரத்துச் சங்கதிதான். ஒரு வாரம் தவறியவர்கள் அதன்பின் எட்டு வாரம் எட்டிப் பார்க்காமல் போனது ஏன் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு சகோதரி சொன்னது மனதில் தைத்துவிட்டது. "பத்து நாள் கழித்து உள்ளே போனேன் மேடம். ஏழு இடத்தில் சிவப்பாக 'தாமதம்' என்று இருந்தது. எழுதாமல் விட்ட நோயாளி சார்ட்டைப் பார்த்த மாதிரி நெஞ்சு படபடத்தது. மூடிவிட்டேன். அப்புறம் திறக்கவே இல்லை."

இன்னொருவர் ஐசியூவில் பல வருடம் இருப்பவர். இரண்டாம் வார விவாதத்தில், மூக்கில் போட்ட குழாயின் அடியில் வரும் அழுத்தப்புண் பற்றி அவர் எழுதிய பதில்தான் மொத்தப் படிப்பிலும் சிறந்தது என்பேன். அவரும் நான்காம் வாரத்தில் நின்றுவிட்டார். நான் கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

இதுவரை நான் செய்து பார்த்தவை: 40 நிமிட வீடியோக்களை எட்டுப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டினேன். வாரா வாரம் எல்லோருக்கும் நினைவூட்டல் மின்னஞ்சல் போகிறது. இரண்டாலும் நான்காம் வாரம் அசையவில்லை. மேலே இருப்பவர்கள், "சேரும்போது ஒரு வைப்புத்தொகை வாங்குங்கள், முடித்தால் திருப்பிக் கொடுங்கள்" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துப் பேச என்னிடம் வேறு வழியும் இல்லை. இந்த மாதிரிப் படிப்புகளை நடத்தியவர்கள், படித்தவர்கள், பாதியில் விட்டவர்களும்கூட, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.


பதில் 1: இரவுப்பணிச் செவிலியர்

மேடம், பாதியில் விட்டவர்களும் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் இரண்டு ஆன்லைன் படிப்பைப் பாதியில் விட்டவள். மூன்றாவதை முடித்தேன். மூன்றுக்கும் நான் ஒரே ஆள்தான், எனக்கு இருந்த ஆர்வமும் ஒன்றுதான்.

முதல் படிப்பில் வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு நேரடி வகுப்பு. ஈவினிங் ஷிஃப்டில் அந்த நேரம் மருந்து கொடுக்கும் நேரம். நைட் என்றால் ஹேண்ட்ஓவருக்கு, அதாவது வார்டுப் பொறுப்பை வாங்கிக்கொள்ள, கிளம்பும் நேரம். மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் என்னால் உட்கார முடிந்தது. பதிவு செய்து போடுவார்கள், உண்மைதான். ஆனால் வகுப்பில் எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள், நான் மட்டும் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல இருக்கும்.

இரண்டாவதில் குவிஸ் ஞாயிறு நள்ளிரவோடு பூட்டிக்கொள்ளும். தொடர்ந்து நான்கு நைட் முடித்துவிட்டு வந்தால் உடம்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பகலில் நான்கு மணி நேரம் தூக்கம், அதுவும் அரைகுறை. அந்த ஞாயிறு படுத்தவள் திங்கள்தான் எழுந்தேன். ஒரு குவிஸ் போனதும் "80 சதவீதம் எடுத்தால்தான் சான்றிதழ்" என்ற கணக்கு தலைக்குள் ஓடத் தொடங்கியது. இனி எவ்வளவு படித்தாலும் கிடைக்காது என்று எனக்குள் நானே முடிவு கட்டிக்கொண்டேன். உண்மையில் கிடைத்திருக்கும். பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதை அப்போது எனக்கு யாராவது சொல்லியிருந்தால் போதும்.

முடித்த படிப்பில் இருந்தது என்னவென்றால், எந்தப் பாடமும் பூட்டாது. ஒவ்வொரு நான்காவது வாரமும் புதுப் பாடமே கிடையாது, விட்டதைப் பிடிப்பதற்கான வாரம் அது. விடாமல் வந்தவர்களுக்கு அது ஓய்வு. நான் ஒன்பது நாள் காணாமல் போனபோது ஒருங்கிணைப்பாளர் பெயர் சொல்லி ஒரு செய்தி அனுப்பினார். "மூன்றாம் பாடத்தில் இரண்டாவது வீடியோவும் கடைசிப் பக்கமும் மட்டும் பாருங்கள். அது போதும். நான்காம் பாடத்தை அப்புறம் பார்க்கலாம், நேராக ஐந்துக்கு வந்துவிடுங்கள்." நீங்கள் ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கே கால் வைத்து ஏறுவது என்று மட்டும் காட்டினார். இன்றைக்கும் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

நினைவூட்டல் மின்னஞ்சல் பற்றி ஒன்று. எல்லோருக்கும் போகிற மாதிரி ஒரே வாசகத்தில் வந்தால், மூன்றாவதிலிருந்து படிக்கவே மாட்டோம்.

அப்புறம் போன். நாங்கள் படிப்பது போனில்தான், பிரேக்கில் கிடைக்கும் பதினைந்து நிமிடத்தில். வார்டில் சத்தமாக வீடியோ ஓடவிட முடியாது, பல இடங்களில் நெட்டும் வராது. வீடியோவில் பேசுவதை அப்படியே எழுத்தாகக் கொடுங்கள், இறக்கி வைத்துக்கொள்ளும்படி. நான் மூன்றாவது படிப்பில் பாதியை அப்படித்தான் படித்தேன்.


பதில் 2: பாடம் வடிவமைப்பவர்

மேலே சகோதரி எழுதியதைப் படித்த பிறகு நான் சொல்ல வேண்டியது பாதியாகக் குறைந்துவிட்டது. ஆய்வுகள் பக்கமிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். மேலே இருப்பவர்களிடம் பேச உங்களுக்குப் பயன்படலாம்.

மாணவர்கள் ஏன் படிப்பை விடுகிறார்கள் என்பதற்கு வின்சென்ட் டின்டோ என்ற கல்வி ஆய்வாளர் 1975-ல் ஒரு விளக்கம் கொடுத்தார். கல்லூரியின் படிப்போடும் அங்குள்ள மனிதர்களோடும் ஒட்டாமல் போகிறவர்கள் விலகுகிறார்கள் என்பது அதன் சாரம். அது கல்லூரியே வாழ்க்கையாக இருக்கும் இளைஞர்களை மனதில் வைத்துச் சொன்னது. 1985-ல் பீன், மெட்ஸ்னர் என்ற இருவர், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வயது வந்தவர்களைப் பார்த்தார்கள். அங்கே கணக்கு வேறு. வேலை நேரம், குடும்பப் பொறுப்பு, பணம், வெளியிலிருந்து கிடைக்கும் ஆதரவு ஆகியவைதான் கனமானவை. பாடம் நன்றாக இருந்தாலும் வெளியே சூழல் சரியில்லை என்றால் விலகிவிடுவார்கள். சூழல் தாங்கிப் பிடித்தால் சுமாரான பாடத்தையும் முடித்துவிடுவார்கள். உங்கள் 38 பேர் சொன்னதும் இதுதான். நீங்கள் வீடியோவைச் சரிசெய்தீர்கள். பழுது இருந்தது வேறு இடத்தில்.

வீடியோவைச் சுருக்கியது வீண் என்று சொல்லவில்லை. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் வந்த ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமானாலும் பாதிப் பார்வைகளாவது ஆறு நிமிடத்துக்குள் நின்றுவிடுகின்றன என்று காட்டியது. ஆகவே துண்டாக்கியதை அப்படியே வைத்திருங்கள். அதனால் நான்காம் வாரம் சரியாகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது வைப்புத்தொகை. இதற்கு ஆதரவாக ஒரு புள்ளிவிவரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், தயாராக இருங்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய திறந்த ஆன்லைன் படிப்புகளில், 2017-18-ல் சேர்ந்த எல்லோரிலும் முடித்தவர்கள் 3.13 சதவீதம். பணம் கட்டிச் சான்றிதழ் வழியில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம். பார்த்தால் பணம்தான் மந்திரம் என்று தோன்றும். ஆனால் பணம் கட்டுகிறவர் முடித்தே தீர வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் கட்டுகிறார். அந்த முடிவு பணத்தால் வந்தது என்று இந்த எண்கள் சொல்லவில்லை. உங்கள் ஆட்கள் ஆர்வம் குறைந்து போனவர்கள் இல்லை. நைட் டியூட்டியில் மாட்டியவரிடம் பணத்தையும் பிடித்துக்கொண்டால், அவர் போனது போனதுதான், மனக்கசப்பும் சேர்ந்துவிடும். அடுத்த பேட்சுக்குச் சக ஊழியரைச் சேரச் சொல்லவும் மாட்டார். உங்கள் மனம் ஒப்பாதது சரியே.

சேரும்போதே "எந்த நாள், எந்த நேரம், எங்கே உட்கார்ந்து படிப்பீர்கள்" என்று எழுத வைப்பது உதவும் என்று பலர் சொல்வார்கள். ஹார்வர்ட், எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டின் ஏறத்தாழ 250 படிப்புகளில், இரண்டரை லட்சம் பேரிடம் இதைச் சோதித்து 2020-ல் முடிவு வெளியானது. திட்டம் எழுதியவர்கள் முதல் சில வாரங்கள் கூடுதலாக வந்தார்கள். கடைசியில் முடித்தவர்களின் எண்ணிக்கை உயரவில்லை. எனக்கு இது வியப்பாக இல்லை. முதல் வாரத்தில் எழுதிய திட்டம் அப்போதைய ரோஸ்டருக்கு, அதாவது பணி அட்டவணைக்கு, உரியது. அடுத்த ரோஸ்டர் வந்ததும் அது பழைய காகிதம். ஆகவே உங்கள் மாணவர்களைப் புது ரோஸ்டர் கைக்கு வரும்போதெல்லாம் மறுபடி எழுதச் சொல்லலாம். இது என் அனுமானம்தான், அந்த ஆய்வு இதைச் சோதிக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிட வேலை, செலவு இல்லை.

கண்காணிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆன்லைன் படிப்பு நடத்தும் மென்பொருளான மூடுலைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஒவ்வொருவரும் எதை முடித்தார்கள் என்ற அறிக்கை அதிலேயே இருக்கிறது. கடைசியாக உள்ளே வந்த தேதியைப் பார்க்காதீர்கள், சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் அதில் வருவார்கள். முதல்முறையாக ஒரு வேலையைச் செய்யாமல் விட்ட நாளைப் பாருங்கள். அதிலிருந்து ஒரு வாரத்துக்குள், சகோதரி சொன்ன மாதிரி, பெயர் சொல்லி ஒரு செய்தி. 84 பேருக்கு இல்லை, அந்த வாரம் தவறிய ஆறேழு பேருக்கு மட்டும். ஒருவரால் செய்துவிட முடிகிற வேலைதான். அந்தச் சிவப்பு எழுத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். "தாமதம்" என்ற சொல்லுக்குப் பதிலாக "இங்கிருந்து தொடரலாம்" என்று போடுங்கள்.

ஒரு கேள்வி. உங்கள் நான்காம் வாரத்தில் என்ன பாடம், என்ன அசைன்மெண்ட் என்று நீங்கள் எழுதவே இல்லையே?


பதில் 3: மருந்தாளுநர்

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், மேடம் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விட்டுப்போன 53 பேரையும் நீங்கள் இழப்பாகக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். ஆன்டிபயாடிக் பயன்பாடு பற்றி ஒன்பது பாடம் கொண்ட படிப்பு ஒன்றில் நான் சேர்ந்தேன். சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு அளவை எப்படி மாற்றுவது, ஊசியிலிருந்து மாத்திரைக்கு எப்போது மாறுவது, ஒவ்வாமை என்று எழுதியிருப்பதை எவ்வளவு நம்புவது ஆகிய மூன்றும்தான் எனக்கு வேண்டியிருந்தன. மூன்றையும் ஆழமாகப் படித்தேன். அடுத்த திங்களே வேலையில் பயன்படுத்தினேன். மற்ற ஆறையும் தொடவில்லை. அவர்கள் பட்டியலில் நான் பாதியில் விட்டவன். என்னைக் கேட்டால் நான் வந்த காரியம் முடிந்தது. சேரும்போதே "எதற்காக வந்தீர்கள், முழுவதும் முடிக்க எண்ணமா" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர்களுக்கும் குழப்பம் இருந்திருக்காது. முடிந்தால் 12 வாரத்தை மூன்று நான்கு சின்னப் படிப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ் கொடுங்கள். நான்கு வாரத்தை முடித்தவர் கையில் எதுவுமில்லாமல் போக மாட்டார், அடுத்ததற்கும் வருவார்.

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தாது. புற்றுநோய் மருந்துகளைக் கையாளும் பயிற்சியில் பாதி மட்டும் தெரிந்தவரை வேலைக்கு விட முடியாது. உங்கள் பாடம் அப்படிப்பட்டதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஆட்களை மறுபடி மறுபடி வரவைப்பது எது என்பதற்கு நான் நினைத்துப் பார்ப்பது எக்கோ திட்டம். 2003-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா தொடங்கியது. கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி வந்தவர்கள் பெருநகர மருத்துவமனைக்கு வர முடியாத தொலைவில் இருந்தார்கள். அங்கங்கே இருந்த பொது மருத்துவர்களை வாரம் ஒருமுறை வீடியோவில் நிபுணர் குழுவோடு இணைத்தார்கள். கூட்டத்தின் நடுநாயகம் மருத்துவர்கள் கொண்டுவரும் தங்கள் நோயாளியின் விவரம், பெயர் அடையாளம் இல்லாமல். அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் 58.2 சதவீதத்தினருக்கு வைரஸ் நீங்கியது, பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதத்தினருக்கு. 2011-ல் இது வெளியானபோது பெரிதாகப் பேசப்பட்டது. நான் சொல்ல வருவது என்னவென்றால், செவ்வாய்க்கிழமை என் நோயாளியைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்றால் எனக்கு யாரும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம், நானே வந்து நிற்பேன். காயப் பராமரிப்பைவிட இதற்குத் தோதான பாடம் இருக்கிறதா? ஒவ்வொரு வார்டிலும் ஆறாத புண் ஒன்றாவது இருக்குமே.


பதில் 4: இரவுப்பணிச் செவிலியர்

ஒன்று விட்டுவிட்டேன். நான் முடித்த படிப்பில் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட், பகல் வேலை மட்டும். நான் தவறிய வாரம் அவர் இரண்டு வரியில் என்ன நடந்தது என்று எழுதிவிடுவார். ஒரே ஷிஃப்டில் இருக்கும் இருவரைச் சேர்க்காதீர்கள் மேடம். இருவரும் ஒரே வாரத்தில் காணாமல் போவார்கள்.


பதில் 5: செவிலியர் பயிற்றுநர் (கேள்வி கேட்டவர்)

பத்து நாளாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நான்காம் வாரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது. மொத்தப் படிப்பிலும் பெரிய வேலை அங்கேதான் இருக்கிறது: 1,500 சொல்லில் ஒரு நோயாளி அறிக்கை. முதல் மூன்று வாரப் பாடத்தைத் தொகுத்து எழுதட்டும் என்று நான் வைத்தது. எங்கள் ஆட்களில் பலருக்கு ரோஸ்டர் மாதாமாதம் மாறும். நாங்கள் படிப்பைத் தொடங்குவது மாத முதல் வாரத்தில். ஆக, படிப்பில் சேர்ந்தபோது கையில் இருந்த ரோஸ்டர் முடிகிற வாரமும், அடுத்த மாதத்துக்கு ஆள் சரிக்கட்டுகிற அலைச்சலும், 1,500 சொல்லும் ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன. மூன்று பேட்சாக இதை நான் கவனிக்கவே இல்லை. அந்த அறிக்கையை எடுத்துவிட்டேன். நான்காம் வாரம் இனி காலி வாரம். எட்டாவதும் அப்படியே. அறிக்கை மூன்று சின்னத் துண்டாக ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வாரங்களுக்குப் போகிறது, போனிலேயே எழுதக்கூடிய அளவில்.

மருந்தாளுநர் சார், நீங்கள் சொன்னதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, பட்டியலை எடுத்துச் சரிபார்த்தேன். 53 பேரில் 11 பேர் நீரிழிவுக் கால்புண் பாடத்தை முழுவதும் படித்து, குவிஸும் எழுதியிருக்கிறார்கள். மற்றதைத் தொடவில்லை. அவர்களை விட்டுப்போனவர்கள் என்று இனி எழுத மாட்டேன். படிப்பை மூன்றாகப் பிரிக்கவும் முடிவு செய்துவிட்டேன். ஆனால் காயத்தை மதிப்பிடும் முதல் பகுதியை விட்டுவிட்டு டிரெஸ்ஸிங் பகுதிக்கு நேராக யாரையும் விட மாட்டேன். புண்ணின் ஆழத்தையும், தொற்று இருக்கிறதா என்பதையும் பார்க்கத் தெரியாமல் மேலே என்ன வைப்பது என்று மட்டும் கற்றுக்கொண்டால் நோயாளிக்குத்தான் ஆபத்து. ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு ஒரு முன்தேர்வு வைக்கிறேன். தேறினால் அந்தப் பகுதியை உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை.

வாரம் ஒரு நோயாளி என்ற யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நோயாளியின் சம்மதம் வாங்கி, முகமோ பெயரோ எண்ணோ தெரியாமல், மருத்துவமனை அனுமதிக்கும் வழியில் மட்டும் படம் வர வேண்டும் என்று விதி எழுதிவிட்டேன். கூட்டம் வாரத்துக்கு இரண்டு முறை, ஒன்று காலை, ஒன்று மாலை, எதற்கு வேண்டுமானாலும் வரலாம். சகோதரி சொன்ன ஜோடி விஷயமும் ஷிஃப்ட் பார்த்து நடக்கும். அதற்காகச் சேரும் படிவத்திலேயே ஷிஃப்ட் முறையைக் கேட்கிறேன்.

வைப்புத்தொகை வேண்டாம் என்று மேலே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, சேருகிறவரின் வார்டுப் பொறுப்பாளருக்கு நாங்களே ஒரு கடிதம் அனுப்புகிறோம்: இவர் இந்தப் படிப்பில் இருக்கிறார், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ரோஸ்டரில் ஒதுக்க முடியுமா என்று. ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். இதுவரை நாங்கள் கேட்டதே இல்லை.

ஐசியூக்காரருக்கு நான் நினைவூட்டல் எதுவும் அனுப்பவில்லை. அவர் இரண்டாம் வாரம் எழுதியதை அடுத்த பேட்ச் பாடத்தில் சேர்க்க அனுமதி கேட்டேன். குழாயை ஒட்டும் பிளாஸ்திரியை மாற்றி ஒட்டும் இடைவெளி பற்றி ஒரு சந்தேகமும் கேட்டேன். அதிகாலை 3:40-க்குப் பதில் வந்திருந்தது. சந்தேகத்துக்கு ஒரு பக்க விளக்கம், அனுமதி உண்டு என்று ஒரு வரி, கடைசியில், "ஐந்தாம் பாடம் இன்னும் திறந்திருக்கிறதா மேடம்?" என்று ஒரு கேள்வி. பேட்ச் முடிந்து பாடங்களையெல்லாம் மூடியிருந்தோம். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவருக்கு அதைத் திறந்துவிட்டேன். நேற்று ஆறாம் பாடத்தில் இருந்தார்.